அஞ்சு மணிப் பாட்டு

இல்ல தம்பி, நிறுத்தச் சொல்லலை. பாட்டை மாத்துங்கன்னுதான் கேக்குறேன். நிறுத்துறது வேற, மாத்துறது வேற இல்லையா? போன வாரம் இதே ஊராட்சி ஆபீஸ்ல குடுத்த மனுவுலயும் அப்படித்தான் எழுதியிருந்தேன். படிச்சிருக்க மாட்டீங்க. பரவாயில்ல.

தெரியும், முப்பத்தெட்டு வருஷமா இதே பாட்டுதான். அஞ்சு மணி ஆச்சுன்னா ஊர்ல இருக்கிற ஸ்பீக்கர் கம்பம் எல்லாத்துலயும் பாடணும், பிள்ளைங்க விளையாட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போகணும். நிலநடுக்கம் வந்தா ஊரை எழுப்புற ஸ்பீக்கர் சரியா இருக்கான்னு உங்களுக்கும் தெரியணும். எல்லாம் சரி. அதுக்கு இந்தப் பாட்டுதானா?

அழகா இருக்கா? யாரு இல்லைன்னாங்க? பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் குடுக்கிற ஹகிவாரா டீச்சர்கிட்டயே போய்க் கேட்டேன், ஏம்மா நம்ம பாட்டெல்லாம் இப்படி அழ வைக்குதுன்னு. பியானோவைத் திறந்து வாசிச்சுக் காட்டினாங்க. ஏழு சுரத்துல ரெண்டை விட்டுடுறாங்களாம். மிச்சம் இருக்கிறதுல சிலது பக்கத்துப் பக்கத்துல உரசிக்கிட்டு நிக்குமாம். படி இறங்கி வந்து, கடைசிப் படியில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுமாம் பாட்டு. கேக்குறவங்க மனசு அந்தப் படியைத் தேடிக்கிட்டே இருக்கும்னாங்க. அப்புறம் அவங்களே, பொண்ணுங்க பந்து தட்டி ஆடுற பாட்டும் அதே சுரம்தான், சிரிச்சுக்கிட்டுத்தானே பாடுதுங்கன்னாங்க. படிச்சவங்க, ரெண்டு பக்கமும் பேசுவாங்க.

பழக்கமா? சின்ன வயசுல கேட்ட ஏக்கமா? அப்போ மீன் டப்பா கம்பெனிக்கு வேலைக்கு வந்த அந்த பிரேசில் பொண்ணு? ஊருக்கு வந்து மூணே நாள். ஒரு வார்த்தை புரியாது. பாட்டு வந்ததும் சைக்கிளைப் பாலத்துல சாய்ச்சுட்டு நின்னு அழுதுகிட்டிருந்தா. என்னம்மான்னு சைகையில கேட்டா, தெரியலையேன்னு கையை விரிக்கிறா. அவளுக்கு என்ன பழக்கம்?

நம்ம ஊர்ல இன்னும் மோசம். துறைமுகத்துக் கம்பத்துல முதல்ல வரும். அது முடியறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக் கம்பம். கடைசியா கோயில் மேட்டுக் கம்பம். எல்லாம் மலையில மோதித் திரும்பி வரும். யாரோ கூப்பிடுற மாதிரி, பதில் வராம மறுபடி மறுபடி கூப்பிடுற மாதிரி. எனக்குப் பைத்தியம் இல்ல தம்பி. காது குடுத்துக் கேட்டுப் பாருங்க.

மணி என்ன? நாலு அம்பத்திரண்டா? ஐயோ. சரி, மனுவை விடுங்க. இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் போடாதீங்க. தானா ஓடுதா? கம்ப்யூட்டர்னா அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்காதா? மேலதிகாரியைக் கேக்கணுமா? கேளுங்க. நான் வேணா இந்தத் தரையில நெத்தியை வைக்குறேன். எழுந்திரிக்க மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும்.

ஜன்னலா? ரெட்டைக் கண்ணாடி போட்டாச்சு. டிவியை அலற விட்டும் பாத்தாச்சு. காதுல பஞ்சை வச்சா பிடுங்கி எறியிறார்.

எங்க வீட்டுக்காரர்தான், செய்ஜிரோ. படகு எஞ்சின் ரிப்பேர் பாத்தவர், உங்க அப்பாவைக் கேட்டா சொல்வார். இப்ப எல்லாம் மறந்துபோச்சு. சாப்பிட்டதை மறந்துட்டுப் பசிக்குதும்பார். என்னைச் சில நாள் அக்கான்னு கூப்பிடுறார். இந்தப் பாட்டு மட்டும் மறக்கலை. காதுல விழுந்ததும் எழுந்துடுவார். மிஹோ எங்கே, இருட்டப் போகுது, இன்னும் வரலையேன்னு கடலைப் பாத்து ஓடுவார்.

பொண்ணு. ஏழு வயசு. அலைத்தடுப்புக் கல்லுக்கு நடுவுல விழுந்துட்டா. முப்பத்தொரு வருஷம் ஆச்சு, நீங்க அப்போ பொறந்தே இருக்க மாட்டீங்க.

நேத்து வரைக்கும் உண்மையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஓடுற மனுஷனை வேற எப்படி நிறுத்துறது? சொன்னதும் அப்படியே தரையில உக்காந்துடுவார். அவருக்கு அப்போதானே தெரியுது? நான் என்னைக்கோ அழுது முடிச்சவ தம்பி. அவர் தினம் சாயங்காலம் புதுசா பிள்ளையைப் பறிகொடுக்கிறார். தூங்கி எழுந்தா நினைப்பு இருக்காது. மறுபடி அஞ்சு மணி.

இல்ல, தண்ணி வேண்டாம்.

இன்னைக்குப் பாட்டு வர்றதுக்கு முன்னாடியே தேட ஆரம்பிச்சுட்டார். எனக்கு உண்மையைச் சொல்ல மனசு வரலை. நீங்க இருங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன், பாட்டு முடியறதுக்குள்ள வந்துடுவோம்னு சொல்லிட்டேன். எத்தனை சந்தோஷம்ங்கிறீங்க. வாசல்ல உக்காந்திருக்கார். பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு இருக்காங்க.

திட்டாமக் கூட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பினார்.