மூலை சேராத அறை

“எட்டுப் பேர் மேச இது, புள்ள. எட்டுப் பேர். இந்த அறைக்குள்ள போட்டா அஞ்சு பேர் ஒக்காரலாம். ஆறாவது ஆள் செவத்துக்குள்ளதான் ஒக்காரணும். பாத்தீங்களா, பாத்தீங்களா… இந்தப் பக்கம் நேரா வெச்சா அந்தப் பக்கம் கோணல். அந்தப் பக்கத்துக்குத் திருப்பினா வாசல்லேருந்து பாக்கிற ஆளுக்கு மேச எங்கயோ போகப் பாக்கிற மாதிரி ஈக்கி.”

ஆஸியா இதைச் சொன்னபோது அவள் கையில் சுத்தியலும் வாயில் ஒரு ஆணியும் இருந்தன. வாயில் ஆணி இருப்பது அவள் பேச்சுக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

கேட்டுக்கொண்டு நின்றவள் ரஜனி. எல்கடுவ தோட்டத்துப் பிள்ளை, மாத்தளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸியாவின் வீட்டோடு ஒட்டிய மறுபாதிக்கு வாடகைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. இரவு டியூட்டி முடித்து வந்து காலையில் படுத்தவளின் தலைமாட்டுச் சுவரில் ‘டக் டக்’ என்று சுத்தியல் விழ, அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். “ஆன்ட்டி, கொஞ்சம்…” என்றுதான் ஆரம்பித்தாள். கொஞ்சம் ஒத்தாசை செய்ய வந்திருக்கிறாள் என்று ஆஸியா எடுத்துக்கொண்டாள். அளவு நாடாவின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்து, சுவரோரம் நிற்க வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ரஜனிக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

முதலில் மேசன் நடராஜாவின் முறை வந்தது. நாலு வருசத்துக்கு முந்தி இந்த நடுச் சுவரை எழுப்பியவன் அவன். அவனுக்குக் கண் இருந்ததா என்று ஆஸியா கேட்டாள். கண் இருந்தால் இரண்டு மூலையையும் இரண்டு விதமாக வைப்பானா? ஒரு மூலை கத்தி முனை மாதிரிக் கூர்மை, ஒரு மூலை மூலையே இல்லை, வளைந்த பாதை. கூர் மூலையில் பூச்சாடி ஸ்டாண்ட் வைத்துப் பார்த்தாளாம். கூட்டுமாறு போகாத இடத்தில் கரப்பான் குடும்பம் நடத்தியதுதான் மிச்சம்.

பிறகு சுவரில் மாட்டும் படங்கள். தங்கச் சட்டம் போட்ட பெரிய ஆயத்துல் குர்ஸி வசனம், கஃபாவின் வெல்வெட் படம், மகன் பட்டம் வாங்கிய போட்டோ, ஒரு கடிகாரம். ஆணி அடித்தால் சுவர் மாவு மாதிரிக் கொட்டுகிறது. இரண்டு அங்குலம் தள்ளி அடித்தால் அங்கேயும் கொட்டுகிறது. கொட்டிய ஓட்டைகளை மறைக்க இன்னும் பெரிய படம் வேண்டியிருக்கிறது. மகன் பட்டம் வாங்கிய போட்டோவுக்குப் பின்னால் மட்டும் ஐந்து ஓட்டை. அவன் இன்னொரு பட்டம் வாங்கினால்தான் பக்கத்துச் சுவரை மூடலாம் என்றாள் ஆஸியா.

ரஜனி தலையை ஆட்டினாள். கண்ணை மூடித் திறந்தபோது தலை தானாக ஆடியதுதான். ஆஸியாவுக்கு அது ஆமாம் போட்ட மாதிரி இருந்தது. நல்ல பிள்ளை, சொல்வதை விளங்கிக்கொள்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இருங்க, நிண்டுக்கிட்டு என்ன என்றாள்.

புருஷன் அம்ஹரைப் பற்றிச் சொல்லவும் மறக்கவில்லை. டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம். வழக்கமாக ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறவர், அலுமாரியை ஒரு கை பிடிக்கச் சொன்ன நாளிலிருந்து விடியற்காலை சுபஹு தொழுத கையோடு கடைக்குப் போய்விடுகிறார். அந்த நேரத்தில் மிளகு வாங்க யார் வருகிறார்கள்? காகமா?

அலுமாரி என்றதும் அவள் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. அது கண்ணாடி அலுமாரி, உம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சாமான். ஒரு சுவரில் சமைக்கிற குசினி வாசல், இன்னொரு சுவரில் முன்வாசல். கோணல் சுவரோடு வைத்தால் அதன் கதவு மேசையில் இடிக்கிறது. ரோட்டுப் பக்கச் சுவர் ஒன்றுதான் அதற்கு இடம். அங்கே ஜன்னல். ஆகவே இப்போது அலுமாரி ஜன்னலை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. பகல் பதினொரு மணிக்கு அறையில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

“வெள்ளிக்கெழம எண்ட தங்கச்சி வாறா,” என்றாள் ஆஸியா. அதைச் சொல்லும்போது ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

தங்கச்சி ஸஹ்ரா. மறுபாதி வீட்டின் சொந்தக்காரி, ரஜனிக்கு வாடகைக்குக் கொடுத்தவள். இப்போது கலேவெலவில் மகனோடு இருக்கிறாள். நாலு வருசமாக ராத்தாவின் வாசல்படி மிதிக்காதவள். அடுத்த வாரம் உம்ராவுக்கு மக்கா போகிறாள். போகிறவர்கள் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாரிடமும் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அதற்காகத்தான் வருகிறாளாம். பகல் சோற்றுக்கே வா என்று ஆஸியா சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்ன நாளிலிருந்துதான் இந்த இழுபறி.

வருகிறவளுக்குக் கண் சும்மா இருக்காது என்றாள் ஆஸியா. வந்து உட்கார்ந்ததும் மேசையைப் பார்ப்பாள், அலுமாரியைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் பெரிய நாக்கு. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தப்பு யாரோடதாக இருந்தாலும் முந்திக்கொண்டு போய் மாப்புக் கேட்டு நல்ல பேர் வாங்கிவிடுவாள்.

“இப்பவும் பாருங்க, அவ வந்து எங்கிட்ட மாப்புக் கேக்கப் போறாளாம். எதுக்கு? அவ என்ன செஞ்சா? அவ ஒண்டும்…”

பேச்சு அங்கே தடுக்கியது. ஆனால் ஓடிப் பழகிய வண்டி, உடனே நிற்கவில்லை.

வாப்பா மௌத்தான பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தபோது ஹோலின் நடுவே நேராகச் சுவர் வைப்பது என்றுதான் பேச்சு. நடராஜா நூல் கட்டினான், நேராகத்தான் கட்டினான். அப்படிக் கட்டினால் ரோட்டுப் பக்க ஜன்னல் ஸஹ்ராவின் பாதிக்குப் போகிறது. வீட்டிலேயே ரோட்டைப் பார்க்கிற ஜன்னல் அது ஒன்றுதான். ஸஹ்ரா அன்றைக்கு மகனைப் பார்க்கக் கலேவெலவுக்குப் போயிருந்தாள்.

“நாந்தான் ரோட்டுப் பக்கத்து நூலாணியப் புடுங்கி நாலடி தள்ளி அடிச்சேன். அவன் வேணாம் நோனா, அறை கோணலாப் போகும்டுதான் சொன்னான். நாந்தான் பின்னேரத்துக்குள்ள இடுப்பளவு எழுப்பச் சொல்லி, அவன் பின்னால நிண்டேன். ஈரத்துல அவசரப்பட்டுக் கட்டின செவரு, கொட்டாம என்ன செய்யும்… அவ வந்தா. சத்தம் போடல்ல. இதுக்குள்ள மேச போட ஏலாதே ராத்தா எண்டா. அவ்வளவுதான். அடுத்த மாசம் சாமானத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டா.”

இதை அவள் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அம்ஹருக்குக்கூட மேசன் செய்த பிழை என்றே சொல்லி வைத்திருந்தாள். அந்த நர்ஸ் பிள்ளை இப்போது என்ன நினைக்கும் என்று மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

ரஜனி மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். அளவு நாடாவின் நுனி அவள் விரலில் இன்னும் மாட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

ஆஸியாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, நல்ல வேளை கேட்கவில்லை என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சொன்னதை வேறு யார் கேட்காவிட்டாலும் அவள் காதிலேயே விழுந்துவிட்டது.

சுத்தியலைச் சத்தம் வராமல் ஒரு துணிமேல் வைத்தாள். நாடாவை விரலிலிருந்து எடுத்தாள். அலுமாரிப் பக்கம் போய் நின்று, போனை எடுத்துக் கலேவெலவுக்கு அடித்தாள்.

“ஸஹ்ரா, வெள்ளிக்கெழம கொஞ்சம் முந்தி வா. மேச போட ஏலாம ஈக்கி.”

மேசை அவ்வளவு பெரிசா என்று கேட்டாள் ஸஹ்ரா.

“மேச சரியாத்தான் ஈக்கி. செவருதான் கோணல். நீ இல்லாத நேரம் நாந்தான் நூல நகத்தினேன்.”

“தெரியும் ராத்தா,” என்றாள் ஸஹ்ரா. அவளுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. “என்ன இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க? சொகமில்லயா?”

“எனக்கு ஒண்டுமில்ல,” என்று ஆஸியா போனை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னாள். “இங்க ஒரு புள்ள தூங்குது.”