அடிக்குக் கால் அங்குலம்

முதன்முதலாக மாடல் செய்ய உட்காருகிறவர்கள் கப்பல், விமானம் என்று ஆசைப்படுவார்கள். என்னைக் கேட்டால், நன்றாகத் தெரிந்த ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. டேப்பை வைத்து நாமே அளந்துகொள்ளலாம். நான் காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டையே எடுத்தேன். ஓர் அடிக்குக் கால் அங்குலம். கெட்டி அட்டை, கட்டர், இரும்பு ஸ்கேல், பசை இருந்தால் போதும், சார்.

ஆரம்பத்தில் தப்பு வரத்தான் செய்யும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்கு நான் செய்த கதவு திறந்து மூட வரவில்லை. கீல் அவ்வளவு பொடிசு. எரிச்சலில் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

என் மனைவி டீனா பள்ளி ஆசிரியை. முதலில் அவளும் ரசித்தாள். சாப்பாட்டு மேசையை மாடல் பிடித்துக்கொண்டபோது தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள், முணுமுணுக்கவில்லை. ஒரு மனித உருவம் இருந்தால்தான் பார்ப்பவருக்கு அளவு புரியும். அதனால் அவளையும் செய்து அடுப்பருகில் நிறுத்தினேன். பிறகு வீட்டில் எதையும் இடம் மாற்ற விடவில்லை; மாற்றினால் மாடல் பொய்யாகிவிடும் அல்லவா. அவள் நாற்காலியை ஜன்னலோரம் போட்டால் பழையபடி எடுத்து வைப்பேன். அவள் வீட்டுக்கு வரத் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். கோபம் இல்லை, பயம்.

ஒரு சனிக்கிழமை காலை, மர்பி டவுனில் இருக்கும் தன் தங்கை வீணா வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"இது வீடு மாதிரி இருக்கு சிரில், வீடு இல்ல. நீங்க புருஷன் மாதிரி இருக்கீங்க. நானும் பொண்டாட்டி மாதிரி நின்னுட்டிருக்கேன். என்னால முடியல."

மாதிரி என்பதை அவள் குறையாகச் சொல்லியிருக்கலாம். மாடல் செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்குக் கண் கலங்கியது.

"தேங்க்ஸ் டீனா" என்றேன்.

அவள் பெட்டி எடுக்கச் சாமான் அறைக்குள் போனாள்.

அந்தக் கதவு மாடலில் திறக்காது. வீட்டில் மட்டும் திறந்து கிடந்தது. நான் அதைச் சரிப்படுத்தினேன், அவ்வளவுதான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டையும் மாட்டினேன். உள்ளே ஜன்னல் கிடையாது.

"சிரில், வெளையாடாதீங்க. கதவத் தெறங்க" என்றாள். பிறகு தட்டினாள். ஞாயிறும் தட்டினாள். நான் கூரைக்கு ஓடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. வீணா கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன்.

"வீட்லதான் இருக்கா வீணா, கொஞ்சம் வேலையா இருக்கா."

அதில் பாதிக்கு மேல் உண்மை.

அதற்குப் பிறகு ஒருநாள் தட்டுவது நின்றது. இப்போது அந்தச் சத்தம் மாடலுக்குள்ளிருந்து வருகிறது, சார். ஒட்டிய கதவுக்குப் பின்னால், காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு. நான் பயந்துபோனேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

வீணா உங்களை அழைத்து வந்து கதவை உடைக்க வைத்துவிட்டாள். டீனாவை அடைத்துவைத்துச் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று வீணா சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு டீனா ஒருதரம்கூடப் போகிறேன் என்று சொல்லவில்லை.