நான்காம் அறை வாசலில் ஒரு சோடிச் செருப்பு

முப்பத்தொரு ஆண்டுகள் இருளிலும் குளிரிலும் நடந்து, பிறர் வயலின் அடுத்த விளைச்சலை அழுகாமல் காத்துக் கொடுத்து, இன்று ஓய்வு பெறும் குளிர்பதனக் கிடங்குக் காப்பாளரே! கருவி காட்டுமுன் மூக்கால் அழுகலை அறிந்தவரே! உடன் வேலை பார்க்கும் நாங்கள் ஐவரும் முதுகுக்குப் பின்னால் உங்களைப் பனிக்கரடி என்றோம். தெரிந்தும் கோபிக்காத பொறுமையாளரே!

வியாபாரிகளின் ஆயிரக்கணக்கான உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, நான்காம் அறையின் கடைசி அடுக்கைச் சிறு விவசாயிகளுக்கென ஒதுக்கினீர்கள். ஆறு மூட்டை, எட்டு மூட்டை விதைக்கிழங்கோடு வந்த எவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இங்கே இடமில்லையென்றால், அறுவடையன்றே கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நடவின்போது இரட்டை விலையில் விதை தேடி அலைந்திருப்பார்கள். ஆளுக்கொரு நிறத்தில் மூட்டைக்கு நூல் கட்டி, வாரந்தோறும் தனியாகவே புரட்டி வைத்தீர்கள். நமக்கென்ன என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஒருமுறை, நீங்கள் உள்ளே இருப்பது தெரியாமல் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டோம். மூன்று மணி நேரம் ஒருவரும் உங்களைத் தேடவில்லை. லாரி ஓட்டுநர் சரக்கெடுக்க வந்ததால்தான் கதவு திறந்தது. நீலம் பாய்ந்த உதடுகளோடு வெளியே வந்து இவ்வளவுதான் சொன்னீர்கள்: "பச்சை நூல் மூட்டை ஒண்ணு கசியுது. யாராவது கை கொடுங்கப்பா."

யாரும் போகவில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டு நீங்களே போனீர்கள். மறுநாள் முதல், ரப்பர் காலணிக்கு மாறி உள்ளே போகும்போதெல்லாம், ஆள் இருப்பது தெரியட்டும் என்று உங்கள் செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டீர்கள். அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டியே இத்தனை ஆண்டும் நடந்தோம்.

சென்ற வாரம் மேலாளர், நீங்கள் ஓய்வு பெற்றபின் புரட்ட ஆளில்லாததால் இனிச் சிறு விவசாயிகளின் மூட்டைகளை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். நீங்கள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினோம்.

ஐயா, அன்று சொல்லாததை இன்று சொல்கிறோம். இனி அந்த அடுக்கை நாங்கள் புரட்டுவோம். மேலாளரிடம் பேசிவிட்டோம். "ஒரு பருவம் பாப்போம்" என்றிருக்கிறார். இன்று காலையே தொடங்கியும் விட்டோம். நீங்கள் வந்தபோது கதவருகே ஐந்து சோடிச் செருப்புகள் கிடந்ததைப் பார்த்து வெகுநேரம் நின்றீர்களாம். வாயில் காவலர் சொன்னார். பிறகு, கதவு பூட்டியிருக்கிறதா என்று மெல்லத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தீர்களாம்.

உள்ளே நாங்கள்தான் இருந்தோம்.

வெயிலும் வெளிச்சமும் நல்ல துணையும் சூழ, உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்.

அன்புடன்,
மூட்டை தூக்குவோர் மூவர், இயந்திரம் பார்ப்பவர், எழுத்தர்
குளிர்பதனக் கிடங்கு