இரண்டு நாள் பிந்தியவள்

ரங்கூனில் தாமுவே பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை விமானக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தாள்.

“நாளைக்கு அஷ்டமிடி. மாண்டலேக்குப் போகாதே,” என்றாள் அக்காள்.

“நான் வேலைக்குச் சேரும்போதும் அஷ்டமின்னுதானே அம்மா ரெண்டு நாள் நிறுத்தி வச்சாங்க? அன்னிக்கே சேர்ந்த என் சிநேகிதி மா கின் இங்க ரங்கூன்லயே வேலையில இருக்கா. கடைசியா சேர்ந்தவங்களைத்தான் முதல்ல வேலையை விட்டு நிப்பாட்டறாங்க. நான் மாட்டிக்கிட்டேன்.”

“அதுக்கு?”

“மாண்டலே ஆபீஸ்ல புதுசா ஆள் எடுக்கறாங்கக்கா. நிப்பாட்டின எட்டுப் பேரும் அங்கதான் போறோம். முதல்ல கையெழுத்துப் போடறவதான் அங்க சீனியர்.”

அக்காள் சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எதுக்குடி நாளைக்கு? இன்னிக்குச் சாயங்கால ரயில் இருக்குல்ல? இறங்கு, பெட்டியை நான் அடுக்கித் தர்றேன்.”