கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவில்

— அந்தக் கைப்பிடிய எதுக்குல ஒட்டுன, ஸ்டெபினு? பிச்சி எறி.

— எறியவா? மூலையில கைப்பிடி இல்லாத வேகனை எந்த ஊர்லல பாத்த? கரெக்டா சொல்லணும்னா, வெளிய நின்னு இதைத் தூக்குனா உள்ள கொக்கி கழண்டுரும். ரெண்டு வேகனுக்கு நடுவுல மனுசன் போவக் கூடாதுன்னுதான் இதை வெச்சிருக்கான்.

— எனக்கே பாடமா? கம்பெனிக்குள்ள போற சைடிங் தண்டவாளத்துல உர மூடையும் எறக்கி, கொக்கியும் கழட்டுனவன் நான்.

— அப்பம் உனக்கே தெரியும்லா, லிங்கராஜு. நாளைக்கு லேபர் கோர்ட்டுல கம்பெனி இன்ஜினியர் இந்த மாடலைக் குனிஞ்சி பாப்பான். கைப்பிடி இல்லன்னா பொம்மைன்னு சொல்லிச் சிரிப்பான்.

— பொம்மைதானல.

— அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. திருச்செந்தூர் மீட்டர்கேஜ் வண்டிய நாம செஞ்சப்போ, இன்ஜின் நெத்தி விளக்கு ஒரு நூலு எறங்கிட்டுன்னு முழுசாப் பிரிக்கச் சொன்னது யாரு? நீதான.

— அப்பம் எனக்கு ரெண்டு காலு இருந்துச்சு.

— சரி, சரி. கட்டைய ஊனிக்கிட்டு இங்கனயும் அங்கனயும் நடக்காம ஒரு எடத்துல உக்காரு. மேசை ஆடுது. பசை இன்னும் காயல.

— அண்ணே, டீ ஆறுது. வக்கீலு முத்தையாபுரம் தாண்டிட்டாராம். போன் வந்துச்சு.

— முருகேஸ்வரி, நீ உள்ள போ.

— எதுக்குப் போவணும்? கட்டுனவருக்குக் காலு போனா எனக்குக் கேள்வி இல்லையா?

— இருக்கட்டும்ல, தங்கச்சியும் கேக்கட்டும். இப்பம் சொல்லு, மாடல்ல ஆளை எங்க நிறுத்தணும்?

— ரெண்டு கொக்கிக்கும் நடுவுல. கையி கொக்கி மேல இருக்கணும். பின்னால இருந்து இன்ஜினு தள்ளுது. கொடி காட்ட ஆளு இல்ல. விசில் அடிக்கல. தள்ளுன தள்ளுல கீழ விழுந்தேன், சக்கரம் ஏறிச்சு. அம்புட்டுதான்.

— கொடிக்காரனைப் போடாதது கம்பெனி தப்பு. அதுல மாத்தம் இல்ல. ஆனா அவன் வக்கீலு கேப்பான்லா. கைப்பிடி வெளிய இருக்கையில இவன் எதுக்கு உள்ள போனான்னு?

— துரு. கைப்பிடி ஏறல.

— துருவா? காலு போனதுக்கு முந்துன வாரந்தான் நாம ரெண்டு பேரும் போயி அந்த வேகனை அளந்தோம். நீயே ஒத்தக் கையால தூக்கிக் காட்டுன.

— அதுக்கப்புறம் மழை பெஞ்சுது.

— சித்திரையிலயா? தூத்துக்குடியிலயா?

— ஏலே, வேகனைத்தான் அறுத்து எடைக்குப் போட்டுட்டானுவளே! இனி எவன் போயி தூக்கிப் பாக்கப் போறான்?

— நான் பாத்திருக்கேன்லா. கூண்டுல ஏறி, இது அளவு பிசகாத மாடல்னு நான்தான் சொல்லணும். இல்லாததை இருக்குன்னும் இருக்கதை இல்லன்னும் எனக்குச் செய்ய வராது.

— வரலன்னா என் கேசு போச்சு. வேலைக்குத்தான் உள்ள போனேன்னு நிக்கணும்ல. இல்லன்னா காலு போனது என் கொழுப்புன்னு எழுதிருவான்.

— அப்பம் வேலைக்குப் போவலையா?

— அண்ணே, நானும் ஆஸ்பத்திரியில வெச்சிக் கேட்டேன். செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. ஒண்ணுக்குப் போனாரோ, பீடி பத்த வெச்சாரோ, யாரு கண்டா.

— நீ சும்மா கெட, ஏளா.

— சும்மா கெடக்கதுக்கா ஒங்களத் தோளுல தாங்கிட்டு அலையுதேன்?

— சொல்லுல லிங்கராஜு. குடிச்சிருந்தியா?

— கம்பெனிக்காரன் கேட்ட மாதிரியே கேக்கியே. காலங்காத்தால எவன்ல குடிப்பான்?

— பொறவு எதுக்குத்தான் போன?

— வேற எவன் வேணும்னாலும் கேக்கட்டும். நீ கேக்காத.

— நான் ஏன் கேக்கக் கூடாது? இந்த வேகனை நாம ஆசைக்குச் செய்ய ஆரம்பிச்சோம். கோர்ட்டுக்குப் போவும்னு எவன் கண்டான்? இப்பம் எனக்கு உண்மை தெரியணும்.

— கொக்கித் தலையில வார்ப்பு எழுத்து இருக்கும்லா.

— இருக்கும். எந்தப் பட்டறை, எந்த வருசம்னு. அதுக்கென்ன? அதைப் படிக்கணும்னா உள்ள தலைய விட்டுத்தான்...

— அன்னைக்குக் காலைல நம்ம ரயில் மாடல் வாட்சப் குரூப்புல கேட்டியே. அந்த வேகன் கொக்கி எந்தப் பட்டறை வார்ப்புன்னு. அது தெரியாம பெயின்ட் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்னு. மெட்ராஸ்காரனுவ கேலி பண்ணி சிரிக்குத பொம்மை படமாப் போட்டானுவ. ஒரு பயலும் பதில் சொல்லல.

— லிங்கராஜு...

— இன்ஜினு வர நேரம் கெடக்குன்னு நெனச்சேன். உப்புக் காத்துல எழுத்து மங்கிக் கெடந்துச்சு. துண்டால தேச்சிட்டு இருந்தேன். வருசம் தெரிஞ்சுது, பட்டறை பேரு தெரியல.

— எங்கிட்ட இத்தனை நாளா ஏன்ல சொல்லல?

— சொன்னா நீ மறுபடி மாடல் செய்வியா?

— அண்ணே, வக்கீலு வண்டி வாசல்ல நிக்கி. மாடலைத் தூக்குவோமா? ஐயோ, என்ன சத்தம் அது? என்னத்த ஒடச்சீங்க?

— கைப்பிடிய. அது அன்னைக்கே ஒடஞ்சிதான் கெடந்துச்சு, தங்கச்சி. நான் என் கண்ணால பாத்தேன்.