மேசைக்கு வயசு நூறு

— அழுதாரா?

— அழுதாரும்மா. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு கையாலயும் மேசையைத் தடவித் தடவி அழுதார். பரிமாறின சாப்பாடு ஆறிக்கிட்டு இருக்கு. யாருக்கும் தட்டுல கை வைக்கத் தோணல.

— நான் பாலிஷ் போட்ட சாமானைப் பாத்துட்டுத் திட்டினவங்க இருக்காங்க சார். அழுதவங்க இது வரைக்கும் இல்ல.

— விளையாடாதீங்கம்மா. நான் ராத்திரி பூரா தூங்கல.

— சரி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், சாயம் இன்னும் காயல. எந்திரிக்கும்போது உங்க வேட்டிக்கும் தேக்கு நிறம் வந்துரும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க, அழுதது யாரு?

— பையனோட அப்பா. அதாவது, என் பொண்ணு விரும்பற பையனோட அப்பா. நேத்து மத்தியானம் அவரும் அவர் வீட்டம்மாவும் பையனும் முதல் தடவையா எங்க வீட்டுக்கு வந்தாங்க. கல்யாணப் பேச்சைப் பேசி முடிச்சிரலாம்னு.

— அதுக்குத்தானே அவசர அவசரமா மேசையைக் கிழவியாக்கச் சொன்னீங்க.

— மெதுவா பேசுங்கம்மா.

— இங்க யாரு இருக்கா சார், நீங்களும் நானும் ஒரு கட்டிலும்தான். எனக்கு இன்னும் ஆறல. பழைய சாமான் கடைல இருந்து அது வந்தப்போ மேல பச்சைப் பெயிண்டு. அதுக்கு அடில மஞ்சள். அதுக்கும் அடில ஆஸ்பத்திரி நீலம். மூணு தோலையும் உரிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி கொண்டு வந்து நிறுத்தினேன். நீங்க வந்து பாத்துட்டு, 'ஐயோ, புதுசா இருக்கே'ன்னு நெஞ்சுல கை வச்சீங்க.

— புதுசு வேணும்னா நான் எதுக்கும்மா பழசு வாங்கறேன்?

— அது பழசுதான் சார். பழசு மாதிரி இல்லங்கறதுதான் உங்க குறை. ஒரு சாமானைப் புதுசாக்க எனக்கு ஒரு வாரம் போதும். பழசாக்கத்தான் மூணு வாரம் ஆச்சு. சைக்கிள் செயினால அடிச்சேன். ஊசியால பூச்சி ஓட்டை போட்டேன். நீங்க உக்காந்து எண்ணிப் பாத்து, நாப்பத்தாறு பத்தாது, இன்னும் கொஞ்சம் போடுங்கன்னீங்க. நல்ல பூச்சி கூட அவ்வளவு தின்னுருக்காது.

— என் நிலைமை அப்படி. அவர் போன்ல நாலு தடவை பேசினார். நாலு தடவையும் 'எங்க தாத்தா காலத்துல', 'எங்க பழைய வீட்டுல'. வீட்டுல தூண் எத்தனைன்னு கூடச் சொன்னார். எங்க வீட்டுல இருக்கறதெல்லாம் அட்டைப் பெட்டில வந்து நாமளே ஸ்க்ரூ போட்டுப் பூட்டற சாமான். தாத்தா காலத்துதுன்னு காட்ட எங்ககிட்ட தாத்தா போட்டோ கூட இல்ல.

— உங்க பொண்ணு என்ன சொல்லுச்சு?

— அவ அன்னைக்கே சொன்னா. அவர் பேசறது அவர் சுபாவம், பேசட்டும், நாம நல்லபடியா சாப்பாடு போட்டு அனுப்பலாம், பையன் என்னைத்தான் கட்டிக்கப் போறான், மேசையை இல்லன்னா. நான் கேக்கல. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல அடுத்தவன் கையெழுத்துக்குக் கீழயே கையெழுத்துப் போட்டவன்மா நான். ஒரு நாளாவது மேல இருக்கணும்னு தோணிச்சு.

— ம். சரி, வந்தாங்க. அப்புறம்?

— வந்து உக்காந்தாங்க. நான் மேசை பக்கத்துல போய் நின்னு, சும்மா ஞாபகம் வந்த மாதிரி ஆரம்பிச்சேன். இது எங்க தாத்தாவோடது. அவர் ஜட்ஜா இருந்தவர். இந்த மேசைல வச்சுத்தான் தீர்ப்பெல்லாம் எழுதுவார்னு.

— ஜட்ஜா? என்கிட்ட வாத்தியார்னுல்ல சொன்னீங்க?

— உங்ககிட்டச் சொன்னப்போ வாத்தியார்தான். அவங்க கார்ல வந்து இறங்கினதைப் பாத்ததும் ஜட்ஜ் ஆயிட்டார்.

— நிஜத்துல என்ன செஞ்சார் அவரு?

— கோர்ட்டு வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு பாத்துக்கிட்டார். அதாவது, கோர்ட்டுலதான் இருந்தார். அந்த வரைக்கும் ரெக்கார்டுபடி உண்மை.

— சரிதான். அவரு என்ன சொன்னாரு?

— ஒண்ணுமே சொல்லல. அதுதான் எனக்குப் பயமாயிடுச்சு. இவ்வளவு பேசற மனுஷன் வாயே திறக்காம மேசையைச் சுத்தி ரெண்டு தடவை நடந்தார். காலைத் தொட்டுப் பாத்தார். டிராயரை இழுத்துப் பாத்தார். அப்புறம் உக்காந்து, அந்தச் சூட்டுத் தழும்பு மேல விரலை வச்சுட்டு அழ ஆரம்பிச்சுட்டார்.

— இஸ்திரிப்பெட்டி முனையைக் காய வச்சு நான் இழுத்தேனே, அதுவா?

— அதேதான். 'இது எங்க தாத்தா விளக்கு சாஞ்ச இடம்'னார். அவங்க வீட்டுல எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க. அந்தம்மா தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. அவர் குடிக்கல. மைக்கறையைக் காட்டினார். தாத்தா பேனாவை உதறற பழக்கம், அதனால வந்ததுன்னார்.

— அது நான் டீக்கடைக்குப் போற அவசரத்துல பாட்டிலைத் தட்டி விட்டது. கறை நல்லா வந்திருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன்.

— பூச்சி ஓட்டையைக் கூட விடலம்மா. மழைக்காலத்துல மேசையை முற்றத்துல போட்டு வச்சாங்களாம், அப்ப அரிச்சதாம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. அடப்பாவி, நான் ஒரு பொய் சொன்னா நீ அது மேலயே ஏறி உக்காந்து ஒன்பது பொய் சொல்றியேன்னு.

— அப்படிச் சிரிச்சவர்தான் இங்க வந்து தூங்கலங்கறீங்களா?

— சிரிப்பு அடுத்த நிமிஷமே போயிடுச்சும்மா. அவர் கண்ணைத் துடைச்சுட்டுப் பேச ஆரம்பிச்சார். அவங்க குடும்பத்துல அண்ணன் தம்பிக்குள்ள சொத்து வழக்கு. வீட்டுச் சாமானையெல்லாம் கோர்ட்டு எடுத்து வச்சுக்கிச்சாம். பல வருஷம் கழிச்சு வழக்கு முடிஞ்சு எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்தப்போ, மேசை மட்டும் காணோம். அத்தனை காலமும் எங்க போச்சுன்னே தெரியலைன்னார். சொல்லிட்டு என்னை நிமிந்து பாத்தார். 'உங்க தாத்தா எந்தக் கோர்ட்டுல ஜட்ஜா இருந்தார்?'

— ஐயோ.

— பெரிய கோர்ட்டுன்னேன்.

— அதுக்கு என்ன சொன்னாரு?

— தலையை மட்டும் ஆட்டினார். அவர் வீட்டம்மா தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. எங்க குடும்பத்துலயே மேசைல உக்காந்து வேலை பாத்த முதல் ஆள் நான்தான். அஞ்சே நிமிஷத்துல, வழக்குல வந்த மேசையை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த ஜட்ஜோட பேரன் ஆயிட்டேன்.

— அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார். கடைல வாங்கினது, பாலிஷ் போட்டதுன்னு.

— வாய் வரைக்கும் வந்துச்சும்மா. பையனோட அம்மா முகத்தைப் பாத்ததும் உள்ள போயிடுச்சு. என் வீட்டுக்காரி நல்லவ, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே ரெண்டாவது தடவையா சோறு பரிமாற வந்தா. முதல் தடவை வச்சதையே யாரும் தொடல.

— கடைசில எப்படி எந்திரிச்சாங்க?

— மரியாதையாத்தான் எந்திரிச்சாங்க. அதுதான் உறைக்குது. வாசல்ல நின்னு அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சின்னவங்க விஷயத்துல எனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா அந்த மேசை எங்க வீட்டுக்கு வந்த பிறகு மத்ததைப் பேசுவோம்'னார். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போய் வண்டியை எடுத்தான். என் பொண்ணு நேத்துல இருந்து என்கிட்டப் பேசல. காலைல காபியை மேசை மேல 'டக்'குன்னு வச்சுட்டுப் போறா. அதுவும் அந்த மேசை மேல.

— கொடுத்துற வேண்டியதுதானே சார்? ஒரு மேசை. வேன்ல ஏத்தி அனுப்பிட்டா முடிஞ்சு போச்சு.

— எப்படிம்மா கொடுக்கறது? கொடுத்தா எங்க தாத்தா எடுத்தாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. பாவம் அந்த மனுஷன், வாழ்நாள் பூரா அடுத்தவன் சைக்கிளைக் காத்தவர். ஒரு சைக்கிள் காணாமப் போனதில்ல அவர் கைல. அவரை நான் ஜட்ஜாக்கி, கூடவே திருடனும் ஆக்கிட்டேன்.

— இப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க?

— அதுக்குத்தான் வந்தேன். சாயங்காலம் நீங்க என்கூட அவங்க வீட்டுக்கு வரணும். வந்து எல்லார் முன்னாடியும் சொல்லணும். அந்தச் சூடு நான் வச்சது, அந்தக் கறை நான் போட்டது, ஓட்டையெல்லாம் என் ஊசின்னு. செயினையும் எடுத்துக்கிட்டு வாங்க, காட்டலாம்.

— அப்போ உங்க தாத்தா ஜட்ஜ் இல்லங்கறதும் சேந்து வெளிய வருமே?

— வரட்டும். நேத்து ராத்திரி எல்லாம் யோசிச்சுட்டேன். திருடின ஜட்ஜுக்குப் பேரனா இருக்கறதை விட, பீத்திக்கிட்ட பேரனா இருந்துட்டுப் போறேன். எனக்கு வெக்கம்தான். என் பொண்ணு முகத்துக்காகப் பொறுத்துக்குவேன். ஆனா ஒண்ணு, நான் வெக்கப்படும்போது அவரும் கூட உக்காந்து வெக்கப்படணும். நான் சொன்னது ஒரு பொய். அவர் கண்ணீரோட சொன்னது எத்தனை?

— நான் கூலிக்கு வேலை செய்யறவ சார். ரெண்டு பெரிய மனுஷங்களுக்கு நடுவுல நின்னு, நீயும் பொய் நீயும் பொய்னா நாளைக்கு எனக்கு யாரு வேலை கொடுப்பா? போன மாசம் ஒரு அம்மா நல்ல தேக்கு அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்டு அடிக்கச் சொன்னாங்க. அடிச்சதும், மூலைக்கு மூலை சுரண்டுன்னாங்க. அது வெளிநாட்டுலேர்ந்து வந்ததுன்னு சொல்லிக்கறாங்க. அந்த மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் என் அடுப்பு எரியுது.

— என் பொண்ணோட வாழ்க்கைம்மா. அவ அஞ்சு வருஷமா அந்தப் பையனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. நான் ஒரு மேசையால கெடுத்துட்டேன்னு ஆகக் கூடாது.

— அழாதீங்க சார். நேத்து அவரு, இன்னைக்கு நீங்களா? வரேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஆனா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் சரியாத் தெரியணும். அவரு எந்தெந்த அடையாளத்தைச் சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க. என்னோடதை மட்டும்தான் என்னோடதுன்னு சொல்லுவேன்.

— சொன்னேனே. சூடு, மைக்கறை, ஓட்டை. அப்புறம் ஓரத்துல செயின் பட்ட தடம். அது அவங்க வீட்டு நாய் கட்டின சங்கிலியாம்.

— எல்லாம் என்னோடதுதான். அவ்வளவுதானா?

— கடைசியா ஒண்ணு சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் குரலே உடைஞ்சு போச்சு மனுஷனுக்கு. என்னா நடிப்புங்கறீங்க. ஏழு வயசுல, திட்டு வாங்கிட்டு மேசைக்கு அடில போய் ஒளிஞ்சுக்குவாராம். அங்க படுத்துக்கிட்டே, பலகைக்கு அடிப்பக்கம் ஆணியால ஒரு படகு கீறினாராம். துடுப்புப் போடறவனுக்கு ஒரு கை தப்பான இடத்துல வந்துருச்சுன்னு இன்னொரு கை கீறி, மொத்தம் மூணு கையாப் போச்சாம். என் வீட்டுக்காரி டார்ச் எடுத்துட்டு வந்தா. எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். இருக்கு.

— என்ன இருக்கு?

— படகுதான். படகு, அதுல ஒருத்தன், அவனுக்கு மூணு கை. பாத்த மாத்திரத்துல நானே அசந்துட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. சாப்பிட உக்காரும்போது அவர் ஸ்பூன் கீழ விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சார். அப்பவே பாத்து வச்சுட்டார். ஆனாலும் உங்களைப் பாராட்டணும்மா. நான் கேக்காமலே அடிப்பக்கம் வரைக்கும் போய்ச் செஞ்சிருக்கீங்க. ஏழு வயசுப் பையன் கீறின மாதிரியே இருக்கு. சாயங்காலம் அதையும் மறக்காமச் சொல்லணும்.

— சார், மேல் பலகை, நாலு கால், டிராயர். இவ்வளவுதான் நான் கை வச்சது. யார் குனிஞ்சு பாக்கப் போறாங்கன்னு அடிப்பக்கத்துல நான் துணி போட்டுக் கூடத் துடைக்கல.