வெளுத்துப்போன தொட்டி

ராஜகோபால்: சொன்னாக் கேளு பார்கவி. சாம்பிள் பாட்டில்ல டேங்க்குத் தண்ணிக்குப் பதிலா போர் தண்ணியப் புடிச்சி வெச்சிடு. பதினோரு மணிக்குத் தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீசரு வந்தா குடுத்து அனுப்பிடு. யாருக்குத் தெரியப் போவுது…

பார்கவி: எனக்குத் தெரியுமே பாவா.

ராஜகோபால்: ஆங்… ஆரம்பிச்சிட்டியா. ஊரு கக்கூஸ் தண்ணி சுத்தம் பண்ற டேங்க்குக்கு நீ ஆப்பரேட்டரு. கலெக்டராட்டம் பேசற.

பார்கவி: கலெக்டருக்கு இந்த டேங்க்கு ஓட்டத் தெரியாது.

ராஜகோபால்: தம்பி பொண்டாட்டியாச்சேன்னு நல்லதுக்குச் சொல்றேன்.

பார்கவி: இப்படி வந்து எட்டிப் பாருங்க. கடிக்காது. டிகாஷன் கலர்ல இருக்கணும் இந்தத் தண்ணி. எப்படிக் கீது?

ராஜகோபால்: …கொஞ்சம் வெளுத்தாப்பல கீது.

பார்கவி: அழுக்கத் தின்ற கிருமி அத்தினியும் செத்துடுச்சி. சாணி கரைச்சி, வெல்லம் போட்டு, ரெண்டு மாசம் மோட்டார்ல காத்தடிச்சி வளத்தேன். செவ்வாக்கெழம ஒரே நாள்ல போச்சி.

ராஜகோபால்: கிருமிதானே. செத்தா நல்லதுதானே?

பார்கவி: ஊத்தனவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுற காவடிக்காரங்களுக்கு மஞ்சத் துணி ஆர்டரு. சாயம் போடறதுக்கு முன்ன நூல வெளுக்க பிளீச்சிங் பவுடரு. மிச்சத் தண்ணிய கக்கூஸ்ல சாச்சிட்டாங்க.

ராஜகோபால்: யாருன்னு… தெரிஞ்சிதா?

பார்கவி: ஊத்தனது யாருன்னு எழுதிக் குடுத்தா ரெண்டு மாசம் டைம் தரேன்னு ஆபீசரு சொல்லிகீறாரு. மறுபடி வளத்துக்கலாம். இல்லன்னா பூட்டுதான். மோட்டாரக் கழட்டிகினு வேற ஊருக்குப் போயிடுவாங்க.

ராஜகோபால்: அதுக்குத்தான் போர் தண்ணின்றேன். பாஸாயிடும். யாரு பேரும் வேணாம்.

பார்கவி: பாட்டிலு பாஸாவும். டேங்க்குத் தண்ணி நேரா நாம குடிக்கிற ஏரிக்குப் போவும். போன வருசம் சௌமியா மஞ்சக் காமாலைல அரக்கோணம் ஆஸ்பத்திரில கெடந்தாளே… நீங்கதானே பாவா அவள ஆட்டோல தூக்கிகினு ஓடனீங்க?

ராஜகோபால்: …அத எதுக்கு இப்ப இழுக்கற.

பார்கவி: வேற எத இழுக்கறது? என் பொண்ணு கண்ணு மஞ்சளா இருந்தத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ராஜகோபால்: ஊரே தறி ஜனம். ஒருத்தன் பேர எழுதனா மொத்தமும் பகையாயிடும். நாளைக்கு உன் வூட்டு நல்லது கெட்டதுக்கு எவன் வருவான்?

பார்கவி: வராட்டிப் போறாங்க.

ராஜகோபால்: உனக்குத் திமிரு.

பார்கவி: ஆங், திமிருதான்.

ராஜகோபால்: பார்கவி… உன் கைல கீற அந்தக் காயிதத்த என்னாண்ட குடு. எனக்கோசரம்.

பார்கவி: ஏன் பாவா இப்படிக் கெஞ்சறீங்க? அந்த ஆர்டருக்கு நூல் குடுத்தவரு நீங்கன்றதாலயா?

ராஜகோபால்: பத்து வூட்டுக்குக் குடுத்தேன். பத்துல எது…

பார்கவி: பத்து வூட்டு கக்கூஸ் பைப்பு மூடியயும் தெறந்து பாத்துட்டேன். ஒரு வூட்டு பைப்புலதான் பிளீச்சிங் நாத்தம் மூக்கத் தொளச்சிது.

ராஜகோபால்: …அப்ப உனக்குத் தெரியுமா? நீ தாங்க மாட்டன்னுதாம்மா மூணு நாளா மறச்சிகினு திரியறேன். அவன் உன்னாண்ட சொல்லாதன்னு என் கையப் புடிச்சிகினு அழுதான்.

பார்கவி: நேத்து என்னாண்டயும் அழுதாரு. அழுதுட்டு அவரேதான் இத எழுதனாரு. பாருங்க… பேரு சுந்தரமூர்த்தி, வெலாசம் நம்ம வெலாசம், கையெழுத்து உங்க தம்பியோடது. இப்ப சாணி ஏத்திகினு வர கே.ஜி.கண்டிகைக்குப் போயிகீறாரு. கீழ கொஞ்சம் எடம் விட்டுகீறாரு பாவா. ‘கக்கூஸ்லயே ஊத்துடா, அவ டேங்க்கும் சுத்தமாவட்டும்’னு சொன்னவரு கையெழுத்துக்கு. இந்தாங்க பேனா.